வணக்கத்துல எத்தனை எழுத்து?

வணக்கம்! எல்லா எபிசோடும் இந்த வார்த்தையிலதான் ஆரம்பிக்குது. இன்னைக்கு அதைத் தாண்டிப் போகப்போறதில்ல, அதுலயே கொஞ்ச நேரம் நிக்கப்போறோம்.

'வணக்கம்'ல எத்தனை எழுத்து? விரல் விட்டு எண்ணுங்க. வ, ண, க், க, ம். அஞ்சு. ஒண்ணாங்கிளாஸ் படிக்கிற பிள்ளைகூட சொல்லிடும். ஆனா உங்க ஃபோன் உள்ளுக்குள்ள எண்ணுற கணக்குல அது ஏழு. அதையே ஒரு கோப்புல சேமிச்சா, இணையம் முழுக்கப் புழங்குற யூடிஎஃப்-8 முறையில, 21 பைட். 'ஹலோ'வை ஆங்கிலத்துல எழுதினா அதுவும் அஞ்சு எழுத்துதான். அதுக்கு அஞ்சே பைட்!

எங்கிருந்து வந்தது இந்த ஏழு? யூனிகோடு தமிழுக்கு 128 கட்டங்களை ஒதுக்கியிருக்கு. அதுல 72ல தான் ஆள் குடியிருக்கு, மிச்சமெல்லாம் காலி மனை. நம்ம 247 எழுத்துக்கும் ஆளுக்கொரு கட்டம் கிடையாது. க, ங, ச எல்லாம் ஒவ்வொரு கட்டம். கொம்பு, கால், சுழி எல்லாம் ஒவ்வொரு கட்டம். புள்ளிக்கும் தனியா ஒண்ணு. 'வணக்கம்'ல ரெண்டு புள்ளி இருக்கில்ல? அஞ்சோட அந்த ரெண்டையும் சேர்த்தா ஏழு.

இதுல ஒரு வேடிக்கை. நம்ம இலக்கணத்துல க் தான் முதல். அதோட அ சேர்ந்தா க. யூனிகோடுல இது அப்படியே தலைகீழ். க தான் முதல், அதுமேல புள்ளி வெச்சா க். எங்க தமிழ் ஐயா இதைக் கேட்டிருந்தா சாக்பீஸ் பறந்திருக்கும்.

ஆனா யோசிச்சுப் பார்த்தா, கையால எழுதும்போது நாமளும் அதைத்தானே செய்யறோம்? முதல்ல க போடறோம், அப்புறம் புள்ளி வைக்கறோம். இலக்கணம் ஒலியை எண்ணுது, யூனிகோடு வடிவத்தை எண்ணுது. தவிர, இந்த அமைப்பு தமிழுக்குன்னு உட்கார்ந்து யோசிச்சதும் இல்ல. 1988ல வந்த இஸ்கி முறையில இந்திய எழுத்துமுறைகள் எல்லாத்துக்கும் ஒரே மாதிரி சட்டம் போட்டாங்க. 1991ல வந்த யூனிகோடு அதையே எடுத்துக்கிச்சு. அது சரியில்லன்னு, ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு குறின்னு 'டேஸ் 16'னு ஒரு முறை உருவாச்சு. தமிழக அரசு 2010ல அதையும் அங்கீகரிச்சது. ஆனா யூனிகோடுல அதுக்குக் கிடைச்சது தனியார் பயன்பாட்டுப் பகுதி. அதுக்குன்னு செஞ்ச எழுத்துரு இல்லாத ஃபோன்ல வெறும் கட்டம் கட்டமாத்தான் தெரியும். அதனால நம்ம வாட்ஸப்புக்கு அது வந்து சேரல.

சரி, எண்ணிக்கை கூடினா என்ன குடியா முழுகிடும்? எஸ்எம்எஸ்ஸைப் பாருங்க.

ஒரு எஸ்எம்எஸ்ஸுக்குள்ள இருக்கிற இடம் 140 பைட். 1980கள்ல ஐரோப்பாவுல ஜிஎஸ்எம் தரத்தை உருவாக்கினவங்க ஒரு எழுத்துக்கு 7 பிட் போதும்னு முடிவு பண்ணாங்க. அதனாலதான் 160 எழுத்து. அந்த 160 போதுமான்னு பார்க்க, குழுவுல இருந்த ஃப்ரீட்ஹெல்ம் ஹில்லப்ராண்ட் ஜெர்மனியில தன் வீட்டுல டைப்ரைட்டர் முன்னாடி உட்கார்ந்து, மனசுக்கு வந்த வாக்கியங்களை அடிச்சு அடிச்சு எண்ணிப் பார்த்தாராம். ஏறக்குறைய எல்லாமே 160க்குள்ள அடங்கிடுச்சு.

7 பிட்டுல 128 குறிதான் வைக்க முடியும். ஆங்கிலம் உண்டு, பிரெஞ்சு, ஜெர்மன் எழுத்துகள் சிலது உண்டு, கிரேக்கப் பெரிய எழுத்துக்குக்கூட இடம் உண்டு. தமிழ் இல்ல. தமிழ்ல ஒரே ஒரு எழுத்தைப் போட்டாலும் மொத்த மெசேஜும் 16 பிட் முறைக்கு மாறிடும். 160 சட்டுனு 70 ஆகிடும். அந்த 70லயும் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒவ்வொரு கொம்புக்கும் தனிக் கட்டணம். இடைவெளி விடாம எழுதினா ஒரு எஸ்எம்எஸ்ல 32 ஹலோ சொல்லலாம். வணக்கம்? பத்துதான். (பின்னாடி தமிழ் உட்பட இந்திய மொழிகளுக்குத் தனி 7 பிட் அட்டவணைகளைத் தரத்துல சேர்த்தாங்க. ஆனா அனுப்புற ஃபோன், வாங்குற ஃபோன் ரெண்டுக்கும் அது தெரிஞ்சிருக்கணும்.) 'சாப்டியா'வை நம்ம தலைமுறை ஆங்கில எழுத்துல அடிச்சுப் பழகினதுக்கு இதுவும் ஒரு காரணம்னு நான் நினைக்கறேன். மொழிப்பற்று இல்லன்னு திட்டினவங்க டாப்-அப் பண்ணிக் குடுத்திருக்கலாம்!

காசு போனா போகட்டும். பேரே காணாமப் போனா?

எங்க அத்தை பேரு கௌரி. ஒரு பட்டியல்ல அவங்க பேர் இருக்கான்னு பார்க்க ஒரு இடத்துக்குக் கூட்டிட்டுப் போயிருந்தேன். எந்த இடம்னு சொல்லல. அங்க இருந்த தம்பி பொறுமையாத்தான் தேடினார். கௌரின்னு அடிச்சார், இல்ல. அப்பா பேரைச் சேர்த்து அடிச்சார், இல்ல. "உங்க பேர் ஏறலைங்கம்மா"ன்னுட்டார். அத்தைக்கு வந்ததே கோபம். "ஏறலையா? போன தடவை இதே லிஸ்ட்டைப் பார்த்துதானே தம்பி குடுத்தீங்க?" அப்புறம் அவர் பட்டியலை மேலேருந்து கீழே ஓட்டிப் பார்த்தார். 41ஆவது பேர். கண்ணுக்கு நேரா 'கெளரி'ன்னு உட்கார்ந்திருக்கு.

நடந்தது இதுதான். ஔகாரக் குறி முறைப்படி ஒரே குறி. கௌரின்னா க, ௌ, ர, ி. நாலு. ஆனா பட்டியலை அடிச்சவர் ஒற்றைக் கொம்பு போட்டு, பக்கத்துல 'ள' எழுத்தை வெச்சுட்டார். பழைய எழுத்துருக்கள் பலதுல அப்படித்தான் அடிச்சாகணும், அந்தக் கைப்பழக்கம். இப்போ அது க, ெ, ள, ர, ி. அஞ்சு. திரையில ரெண்டும் அச்சு அசல் ஒண்ணு மாதிரி. கணினிக்கு ஒண்ணு கௌரி, இன்னொண்ணு கெ-ள-ரி. வேற ஆள்.

கண்ணு மன்னிச்சு விட்டுடும், தேடல் மன்னிக்காது. திரையில இருக்கிறதைப் படிச்சுக் காட்டுற செயலி இன்னும் மோசம். பார்வையில்லாத ஒருத்தர் அதை நம்பித்தான் கதை கேட்கிறார்னு வெச்சுக்குங்க. 'அறையில் மெளனம் நிலவியது'ங்கிற வரியில 'மெலனம்' மாதிரி ஏதோ ஒண்ணு வந்து நிலவும். 'வெளவால்' பறந்தா கேட்கவே வேணாம்.

இதைச் சரி பண்றது ராக்கெட் விஞ்ஞானம் இல்ல. தேடும்போது ரெண்டு வடிவத்தையும் சேர்த்துத் தேடச் சொல்லி நாலு வரி நிரல் எழுதினா போதும். ஆனா அந்த மென்பொருளை எழுதினவருக்கு இப்படி ஒரு சிக்கல் இருக்குன்னே தெரிஞ்சிருக்காது. அந்தத் தம்பியையும் குத்தம் சொல்ல முடியாது. அவர் சரியாத்தான் அடிச்சார்.

உங்க பேர்லயோ வீட்டுல யார் பேர்லயோ ஔ இருந்தா, சௌந்தர்யா, கௌதம், மௌலி, யாரா இருந்தாலும் சரி, அடுத்த தடவை எங்கயாவது 'பேர் இல்ல'ன்னு சொன்னா உடனே எழுந்து வந்துடாதீங்க. 'ள' போட்டு ஒருதடவை தேடச் சொல்லுங்க. கிடைச்சா எனக்கும் எழுதுங்க. அத்தைகிட்ட படிச்சுக் காட்டணும்.