புளியங்கொட்டைக்கு ஓர் அணா



1939. உலகப் போர் மூண்டுவிட்டது. இராமேசுவரத்தில் எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் புளியங்கொட்டை சேர்க்கிறான். மசூதித் தெருக் கடையில் கொடுத்தால் ஒரு நாள் சேகரிப்புக்கு ஓர் அணா. புளியங்கொட்டைக்குத் திடீரென்று ஏன் அத்தனை கிராக்கி என்பது அவனுக்குக் கடைசிவரை விளங்கவில்லை. அந்தச் சிறுவன்தான் அப்துல் கலாம். என்.சி.இ.ஆர்.டி. 2006-ல் வெளியிட்ட ஒன்பதாம் வகுப்பு ஆங்கில நூலான ‘பீஹைவ்’ இந்த இளமைக் கதையைப் பாடமாக வைத்தது.

ஆசிரியர்களே, நம் பிள்ளைகளிடம் இதை வாசித்துப் பாருங்கள். புளியங்கொட்டையை ஒரு பக்கம் தேய்த்துத் தாயம் உருட்டியவர்கள் அவர்கள், வறுத்துக் கடித்தவர்கள். நெசவுக்காரர் வீட்டுப் பிள்ளை இருந்தால், கொட்டையை மாவாக்கிக் காய்ச்சி நூலுக்குக் கஞ்சி போடுவார்கள், கிராக்கிக்கு அதுகூடக் காரணமாக இருக்கலாமே என்பான். கலாமுக்கே விளங்காத ஒன்றுக்குக் கடைசி பெஞ்சிலிருந்து விடை வருகிறது! ஆங்கிலத்தில் சொல்லத் திணறுவான். திணறட்டும். விஷயம் அவனிடம் இருக்கிறது, சொல்தான் வேண்டும். அதைக் கொடுக்கத்தானே நாம் இருக்கிறோம்?

என்னை வருத்துவது வேறு வகைப் பாடம். பொங்கலைப் பற்றி நான்கு வரி: அறுவடைத் திருநாள், புத்தாடை, இனிப்பு. பக்கத்தில் ஒரு கோலம். மாட்டுக் கொம்புக்கு வண்ணம் பூசிவிட்டு வந்த பிள்ளைக்கு அதில் பேச என்ன இருக்கிறது? சுற்றுலா வருகிறவருக்குக் காட்டும் பொங்கல் அது.

மாறாக, பத்தாம் வகுப்பு ஆங்கில நூலான ‘ஃபர்ஸ்ட் ஃப்ளைட்’டில் கோவா ரொட்டிக்காரர் வருகிறார். அந்த ஊர்ச் சொல்லில் ‘பாதேர்’. மூங்கில் கம்பு ஒலிக்க, தலையில் கூடையோடு விடியலில் வருவார். மாதக் கணக்கு சுவரில் பென்சிலால் எழுதியிருக்கும். கோவாவைப் பார்த்தே இராத என் மாணவி ஒருத்தி எழுந்து, “எங்க வீட்லயும் பால் கணக்கு செவுத்துலதான் சார் இருக்கு” என்றாள். அன்று வகுப்பு முடிய மணி அடித்தும் யாரும் எழவில்லை.

பாடநூல் எழுத உட்காருவோரே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். கரைவலை இழுப்பவர்களோடு ஒரு காலைப் பொழுது இருந்துவிட்டு எழுதுங்கள். வலைக்கும் காற்றுக்கும் மீனுக்கும் அவர்கள் வைத்திருக்கும் பெயர்களை ஆங்கில வாக்கியத்துக்குள் அப்படியே இருக்க விடுங்கள். நம் கட்டுமரத்தை ‘கேட்டமரான்’ என்று என்றோ வாங்கிக்கொண்ட மொழிதான் அது. பொருள் கேட்டால், அந்த மீனவக் குப்பத்துப் பிள்ளை எழுந்து சொல்லட்டும்.