ஒத்தி வீடும் இஜாராவும்



பீங்கான் தொழிலை நம்பி விருத்தாசலத்தில் குடியேறியோருள் சிலர், "ஹஜ்ரத், லீஸுக்கு இருக்கிறோம், வாடகை இல்லை" என மகிழ்கின்றனர். இரண்டு இலட்சம் கொடுத்து மூன்றாண்டு குடியிருந்துவிட்டு, அதே இரண்டு இலட்சத்தைத் திரும்பப் பெறுவதே அந்த லீஸ். நம் முன்னோர் ஒத்தி, போக்கியம் என்றனர்.

இஜாராவில் கொடுத்த வாடகை திரும்பாது. திரும்பி வரும் தொகை கர்ழ்; வீடு அதற்கு ரஹ்ன். 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டமும் 58ஆம் பிரிவில் போக்கியத்தை அடமான வகையாகவே வைத்துள்ளது. கடனைக் கொண்டு அடையும் பயன் வட்டியாகும். கடன்பட்டவர் அன்பளிக்கும் ஒரு சுமை வைக்கோலும் வட்டியே என அப்துல்லாஹ் இப்னு ஸலாம் (ரலி) எச்சரித்தது புகாரியில் பதிவாகியுள்ளது. வைக்கோலுக்கே இவ்வாறெனில், மூன்றாண்டு வீட்டுக்கு? மாதம் நூறு ரூபாய் எனப் பெயருக்கு வாடகை எழுதுவோரும் உளர். அல்லாஹ்வுக்கா கணக்குக் காட்டுகிறோம்?

மகளின் நிக்காஹ் செலவுக்காகச் சொந்த வீட்டை ஒத்திக்கு விட்டுத் தாம் வாடகைக்குக் குடிபோன ஒருவரை நானறிவேன். அவருடைய நெருக்கடிதான் நம்முடைய 'வாடகை இல்லை'.

ஒத்தியில் இருப்போர் இம்மாதம் முதல் அத்தெருவின் நியாயமான வாடகையைப் பேசி, கொடுத்த தொகையில் கழித்து வாருங்கள். எழுதிக்கொள்ளுங்கள், அல்பகரா 282ஆம் வசனம் பணிப்பதும் அதுவே. 2017ஆம் ஆண்டின் தமிழக வாடகைச் சட்டமும் எழுத்து ஒப்பந்தம் கோருகிறது. இரு தரப்பாரும் அஸருக்குப் பின் பள்ளிக்கு வந்தால், எழுதும்போது நான் உடனிருப்பேன்.