களிக்கு இனிப்பு வேண்டாம்

தளிப் பக்கம் கேழ்வரகுக் களிக்கு அவரைக்கொட்டைக் குழம்புதான் ஜோடி. சர்க்கரையை விட நினைப்பவருக்கு வசதியான சாப்பாடு. அதில் இனிப்புக்கு இடமே இல்லை. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் வேறு. ஆனாலும் அது மாவுச்சத்துதான். நீரிழிவுக்காரர்கள் உருண்டையைச் சிறிதாக்கி, கொட்டையைக் கூட்டிக்கொள்ளலாம்.

வில்லங்கம் ஓசூர் ஷிப்டுக்குப் போகிறவர்களின் டீயில் இருக்கிறது. கிளாசுக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை, நாளுக்கு நாலு டீ என்றால் 30 கிராமைத் தாண்டிவிடும். உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்ன நல்ல அளவோ, எல்லாம் சேர்த்தே சுமார் 25 கிராம். “நான் வெல்லம்தாங்க போடுறேன்” என்பார்கள். வெல்லமும் தேனும் அதே கணக்குதான்! முதலில் ஒரு ஸ்பூன் குறைத்துச் சொல்லுங்கள். டீ மாஸ்டர் கோபிக்க மாட்டார்.