பாட்டாய் வந்த சங்கம்



தொழிற்சங்க வரலாற்றை வேலைநிறுத்தங்களாலும் சட்டங்களாலும் அளப்பது நம் வழக்கம். நான் இன்று அதை ஒரு சிறு பாட்டுப் புத்தகத்தைக் கொண்டு பேச விரும்புகிறேன். 1940 இல் மீனாட்சி அம்மாள் வெளியிட்ட 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்பதே அது.

மலையகத் தோட்டத் தொழிலாளியின் அன்றைய வாழ்வை எண்ணிப் பாருங்கள். விடியுமுன் தப்பு முழங்கும். பிரட்டுக்களத்தில் பேர் கொடுத்து மலையேற வேண்டும். இருப்பிடம் லயத்துக் காம்பரா. கடல் கடந்து வந்த செலவே கங்காணியின் கணக்கில் கடனாய் நின்றது. அக்கடனைக் குறித்த 'துண்டு' இன்றி வேறு தோட்டத்திற்குப் போக இயலாது. 1921 இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிந்தது. துரைமீதிருந்த பயம் ஒழியவில்லை. வெளியார் தோட்டத்தினுள் நுழைந்தால் அத்துமீறல் வழக்கு.

தஞ்சாவூரிலிருந்து வந்த கோ. நடேசய்யர், புடவை வியாபாரி வேடத்தில் தோட்டங்களுக்குள் புகுந்தார் என்பர். கொழும்பில் ஏ. ஈ. குணசிங்காவுடன் சங்கப் பணி செய்த அவர், பின்னர் பிரிந்து, 1931 இல் அட்டனில் தோட்டத் தொழிலாளருக்கெனத் தனிச் சங்கம் கண்டார். 'தேசபக்தன்' பத்திரிகையையும் நடத்தினார். ஆனால், லயத்தில் அதைப் படிக்கத் தெரிந்தவர் எத்தனை பேர்?

இங்கேதான் அவரது துணைவியார் மீனாட்சி அம்மாள் வருகிறார். கூட்டங்களில் பாரதி பாடல்களையும், மக்கள் அறிந்த மெட்டுகளில் தாமே கட்டிய பாடல்களையும் பாடினார். 1939 இல் அரசாங்கத் திணைக்களங்களில் நாட்கூலிக்கு உழைத்த இந்தியர் நீக்கப்பட்டனர். அக்காலத்து இந்தியர் எதிர்ப்பைக் கண்டித்தே மேற்சொன்ன நூல் எழுந்தது.

'இவை பிரசாரம், இலக்கியமல்ல' என்று ஒதுக்கியவர்களில் நானும் ஒருவன். பின்னர்தான் யோசித்தேன். பேச்சாளரை வாசலில் மறிக்கலாம்; கொழுந்து பறிப்பவளின் நாவில் ஏறிய பாட்டை எந்தக் காவற்காரன் மறிப்பான்? எழுத்தறியாதவரையும் ஒன்றுசேர்த்த சொல்லுக்கு நம் இலக்கிய வரலாறு ஓர் அத்தியாயம் கடன்பட்டிருக்கிறது. சாரல்நாடன் போன்றோர் தேடி எழுதியிராவிட்டால் இந்தச் செய்திகளும் நமக்கு எட்டியிரா.

துண்டில் எழுதிய கடன் தீர்ந்தது. இந்தக் கடன் இன்னும் தீரவில்லை.