அடைக்கலம் தந்தால் போதுமா?



ஏலாக்குறிச்சித் திருத்தலத்தை அறியாத கிறிஸ்தவக் குடும்பம் நம் பகுதியில் அரிது. அங்கே நாம் வணங்கும் அன்னை, அடைக்கல மாதா. அந்த ஊருக்கு வீரமாமுனிவர் இட்ட பெயர் திருக்காவலூர். அடைக்கலம், காவல் இரண்டும் அங்கே சேர்ந்தே இருக்கின்றன. நம் இல்லங்களிலும் விடுதிகளிலும் பிள்ளைகளுக்கு அடைக்கலம் தருகிறோம். காவல் தருகிறோமா?

லப்பைக்குடிக்காடு தொடங்கி அரியலூர் வரை, பிழைப்புக்காக வெளியூரும் வெளிநாடும் போகிற பெற்றோர் பலர். அவர்களின் பிள்ளைகளும், பெற்றோரை இழந்த பிள்ளைகளும் இன்னொருவர் பொறுப்பில் வளர்கிறார்கள்.

இளம் குருவாக ஒரு விடுதியை நான் கவனித்து வந்த காலம். ஆறாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் மூன்று நாள் மாலையில் என் அறை வாசலில் வந்து நின்றான். நான் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். "போய்ப் படிப்பா, அப்புறம் பேசலாம்" என்றேன். நான்காம் நாள் அவன் விடுதியில் இல்லை. ஊருக்கே நடந்து போய்விட்டான். பெரிய பையன்கள் இரவில் அவனை அடித்திருக்கிறார்கள். சமையல் செய்யும் அம்மாவுக்கு அது தெரியும். "நான் யாருங்க சாமி இதையெல்லாம் சொல்ல?" என்று கேட்டார். சொல்வதும் அவர் வேலைதான் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியவன் நான்.

அன்பர்களே, நல்ல மனம் மட்டும் போதாது. 2007ஆம் ஆண்டு, மாமல்லபுரத்துப் பிள்ளைகளின் நிலை பற்றிய ஒரு பத்திரிகைக் கட்டுரை உச்ச நீதிமன்றத்தின் பார்வைக்குப் போனது. தமிழ்நாட்டு அனாதை இல்லங்களில் குழந்தைகள் சுரண்டப்படுவது பற்றிய வழக்கு என்று நம் மாநிலத்தின் பெயரிலேயே அது நடந்தது. 2017 மே 5 அன்று தீர்ப்பு வந்தது. எல்லா இல்லங்களும் அந்த ஆண்டு முடிவதற்குள் பதிவு செய்யப்பட வேண்டும், ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிப் பராமரிப்புத் திட்டம் வேண்டும், பணியாளர்களுக்குப் பயிற்சி இன்றியமையாதது என்றது நீதிமன்றம்.

பயிற்சி யாருக்கு? இல்லத் தலைவருக்கு மட்டுமல்ல. வார்டன், சமையல்காரர், காவலாளி, வண்டி ஓட்டுநர், மாலையில் பாடம் சொல்லித்தர வரும் இளைஞர் எல்லாருக்கும். கலகலப்பாக இருந்த பிள்ளை பேச்சை நிறுத்தினால், சாப்பாட்டை ஒதுக்கினால், ஒருவரைக் கண்டு மட்டும் ஒதுங்கினால் கவனிக்கப் பழக வேண்டும். பிள்ளை சொல்ல வரும்போது வேலையை வைத்துவிட்டுக் கேட்க வேண்டும். "உண்மையா? நீ என்ன செய்தாய்?" என்று குறுக்கு விசாரணை செய்யக் கூடாது. "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்கவும் கூடாது. "நீ சொன்னது நல்லது, தப்பு உன்மேல் இல்லை" என்று சொல்லி, உரியவர்களிடம் தெரிவிக்க வேண்டும். கண்டிப்பு என்ற பெயரில் கை ஓங்குவதும் இல்லங்களில் சட்டப்படி குற்றமே.

இங்கேதான் ஒரு சோதனை வருகிறது. "இல்லத்தின் பெயர் கெட்டுவிடும், நமக்குள் பேசித் தீர்த்துக்கொள்வோம்" என்பார்கள். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தவர் யாராயினும் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் தண்டனை உண்டு. குருவுக்கும் கன்னியருக்கும் இதில் விலக்கு இல்லை. திருத்தந்தை பிரான்சிசும் 2019இல், திருஅவைக்குள் இத்தகைய முறையீடுகளைப் பெற மறைமாவட்டங்களில் வழிமுறை இருக்க வேண்டும் என்று ஆணையிட்டார். பெயரைக் காப்பாற்றப் பிள்ளையைக் கைவிட்டால், அந்தப் பெயர் யாருக்கு வேண்டும்?

மத்தேயு நற்செய்தி 18ஆம் அதிகாரத்தில், யார் பெரியவர் என்று கேட்ட சீடர்கள் நடுவே ஆண்டவர் ஒரு சிறுபிள்ளையை நிறுத்துகிறார். நம் கணக்குப் புத்தகத்துக்கும் கௌரவத்துக்கும் முன்னால் அந்தப் பிள்ளையை நிறுத்துவோம்.

இந்த வாரம் ஒன்று செய்யுங்கள். விடுதியில் உங்கள் பிள்ளை இருந்தால் நேரில் போய்ப் பாருங்கள். மதிப்பெண்ணைக் கேட்கும் முன், "ராத்திரி நல்லா தூங்குறியா?" என்று கேளுங்கள். இல்லம் நடத்துகிறவர்களே, 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைப் பிள்ளைகள் கண்ணில் படும்படி எழுதி வையுங்கள். உங்கள் பணியாளர்களை இந்த மாதமே கூட்டி உட்காரவைத்துப் பேசுங்கள்.

மன்றாடுவோம்: அடைக்கலம் தேடி வரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் கேட்கும் காதுகளையும் காக்கும் கைகளையும் எங்களில் உருவாக்கும் ஆண்டவரே. ஆமென்.