சீமைக் கனவானும் நம் முத்துமீனாட்சியும்



ஈவ்லின் வா என்ற ஆங்கில ஆசிரியர் 1934-இல் எழுதிய, 'ஒரு பிடி புழுதி' என்று பொருள்படும் நாவலைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். அதில் டோனி என்ற கனவானுக்குத் தன் பழைய மாளிகைதான் தெய்வம். மனைவிக்கோ லண்டனில் ஓர் உதவாக்கரையோடு சிநேகம். ஒரே மகன் குதிரை விபத்தில் சாகிறான், கலியாணமும் முறிகிறது.

ஆனால் அதை எப்படி முறிப்பது? ஒருவர் சோரம் போனதாக ருசுவானால்தான் அன்றைய ஆங்கிலச் சட்டம் விவாகரத்துக் கொடுக்கும். குற்றம் மனைவியுடையது, பழியைப் புருஷன் ஏற்பதுதான் கனவான் லட்சணமாம்! ஆகவே டோனி கூலிக்கு ஒரு பெண்ணை அமர்த்திப் பிரைட்டன் ஓட்டலுக்குப் போகிறான். சாட்சிக்கு ஆட்களும் போகிறார்கள். அவளோ தன் சிறுமகளையும் அழைத்து வந்துவிடுகிறாள்! சோரம் போக வந்தவர், காலையில் அந்தக் குழந்தையோடு உட்கார்ந்து பலகாரம் சாப்பிடுகிறார். இந்தக் கூத்துக்குப் பிறகுதான், 1937-இல், அங்கே சட்டம் கொஞ்சம் தளர்ந்தது.

சிரிக்கிறீர்கள். நம் கதையையும் கேளுங்கள். நாம் கூடியிருக்கும் இந்த மயிலாப்பூரில் கடைசிக் காலத்தில் வாழ்ந்து, 1925-இல் மறைந்தவர் அ. மாதவையா, உப்பு இலாகா உத்தியோகஸ்தர், பார்ப்பனர். 1892-இல் 'விவேக சிந்தாமணி'யில் அவர் எழுதத் தொடங்கிய கதை பாதியில் நின்றது. 1903-இல் 'முத்துமீனாட்சி' என்ற புத்தகமாக வந்தது. சிறு வயதில் தாலி, மாமியார் கொடுமை, பிறகு வைதவ்யம். எல்லாவற்றையும் அந்தப் பெண்ணே சொல்கிறாள். கடைசியில் மறுமணமும் செய்துகொள்கிறாள்.

விதவை மறுமணத்துக்குச் சட்டம் 1856-லேயே வந்தாயிற்று. ஆனால் புருஷன் உயிரோடிருந்து உதைத்தால்? மேல்சாதிப் பெண்ணுக்கு வழியே கிடையாது. ஆணுக்குப் பிரைட்டன் வேஷம் எதற்கு? இன்னொருத்தியைக் கட்டிக்கொள்ளச் சாஸ்திரமே சம்மதித்ததே! 1949-இல் சென்னைச் சட்டசபைதான் இரண்டாந்தாரத்தைத் தடுத்து, விவாகரத்துக்கும் வழி திறந்தது. 1955-இல் நாடு முழுவதற்கும் வந்தது. இருவரும் மனமொத்துப் பிரிய 1976 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இங்கிலாந்தில் 2022 முதல் யார் மீதும் குற்றம் சாட்டாமலே பிரியலாம். இங்கேயோ, ஒருவர் ஒப்பாவிட்டால், மற்றவர் குடும்ப நீதிமன்றத்தில் கொடுமை, சோரம், கைவிடல் என்று ஏதாவதொன்றை ருசுப்படுத்தியாக வேண்டும். வெறும் மனக்கசப்பைக் கொடுமையாக்கி மனு எழுதித் தர வக்கீல்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டுமா?