தனி ஓடத்தில் ஒரு வீரர்



எர்ணாகுளத்திலும் மட்டாஞ்சேரியிலும் வாழும் நம் தமிழ் மக்களுக்கு நீர்வழி புதிதன்று. படகுத்துறையில் ஏறி இறங்குவதும், காயலில் நடைபெறும் வள்ளங்களியைக் கரையில் நின்று கண்டு ஆரவாரிப்பதும் நமக்குப் பழகிப் போயின. ஆனால், வீடு திரும்புகையில் நம் நாவில் நிற்பது வள்ளத்தின் பெயரே; துடுப்பு வலித்தவர் பெயர் அன்று. 1952-ஆம் ஆண்டில் பண்டித நேரு அவர்கள் ஆலப்புழைக்கு வந்தபோது, அவர் முன்னிலையில் வென்றது நடுபாகம் சுண்டன் என்பதை இன்றும் சொல்லக் கேட்கிறோம். வலித்தவர் அனைவரும் அவ்வொரு பெயருக்குள் அடங்கிவிட்டனர். பலர் ஒருங்கே வலிக்கும் வள்ளத்தில் புகழ் ஊருக்கு உரியது; அது முறையும்கூட.

இதற்கு நேர்மாறானது ஒருவரே செலுத்தும் பந்தய ஓடம். சுண்டன் வள்ளத்தில் துடுப்பு வலிப்போர் செல்லும் திசையை நோக்கி அமர்வர். பந்தய ஓடத்தின் வீரரோ இலக்குக்கு முதுகு காட்டி அமர்கிறார். இரு கைகளிலும் இரு துடுப்புகள். அவை ஓடத்தின் பக்கங்களில் நீண்டிருக்கும் தாங்கிகளில் பொருத்தப்பட்டவை. இருக்கை முன்னும் பின்னும் உருளும். ஆகவே தோளினும் காலுக்கே வேலை மிகுதி. ஓடத்தின் எடை ஏறத்தாழ 14 கிலோகிராம். கடக்க வேண்டிய தொலைவு 2000 மீட்டர். வஞ்சிப்பாட்டு இல்லை, தாளமிடுவார் இல்லை. பின்தங்கியவர் கண்ணெதிரே தெரிவர். முந்துபவரைத் திரும்பிப் பார்த்தே அறிய வேண்டும்.

இவ்வோடத்தைச் செலுத்தி இந்தியப் படகோட்டத்துக்கு ஆசிய விளையாட்டுப் போட்டியின் முதற் பொற்பதக்கத்தை ஈட்டித் தந்தவர் காயற்கரையில் பிறந்தவர் அல்லர். 1981-இல் இராஜஸ்தானத்தின் சீகர் மாவட்டத்தில், நீர் அரிதான மணற்பாங்கில் பிறந்த பஜ்ரங்லால் தாக்கர் என்பவரே அவர். இராணுவத்தில் சேர்ந்த பின்னரே துடுப்பைக் கையிலெடுத்தார். 2006-இல் தோஹாவில் வெள்ளிப் பதக்கம் பெற்றார். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அவருக்குக் கிடைத்தது 21-ஆம் இடம். அத்தோடு துடுப்பைக் கீழே வைத்திருந்தால் எவரும் குறை கூறியிரார். 2010 நவம்பரில் சீனத்துக் குவாங்சோ நகரில் 7 நிமிடம் 4.78 விநாடியில் இலக்கை எட்டி முதல்வரானார்.

அர்ஜுனா விருது அவருக்கு முன்னரே கிடைத்திருந்தது. 2013-இல் பத்மஸ்ரீ பட்டமும் வந்தது. ஆயினும், நம் வீட்டுப் பிள்ளைகளுள் எத்தனை பேர் அப்பெயரை அறிவர்?

இத்தாலி நாட்டில் நிலைமை வேறு. கியுசெப்பே, கார்மினே அப்பஞ்ஞாலே என்னும் உடன்பிறந்தார் 1984, 1988 ஒலிம்பிக் பந்தயங்களில், சுக்கான் பிடித்த தி கபுவா என்பவரோடு சேர்ந்து தங்கம் வென்றனர். 1992-இல் பார்சலோனாவின் தொடக்க அணிவகுப்பில் நாட்டுக் கொடியை ஏந்திச் சென்றவர் கியுசெப்பே. சியோல் பந்தயத்தைத் தொலைக்காட்சியில் வருணித்த கலேயாட்ஸியின் உணர்ச்சி பொங்கும் குரலும் அப்புகழை வீடுதோறும் கொண்டு சேர்த்தது. வீரருக்குத் துடுப்பு மட்டும் போதாது, வருணிக்க ஒரு குரலும் வேண்டும். ஒலிபெருக்கியின் முன் அமர்ந்து நான் இதைச் சொல்வது தற்புகழ்ச்சி ஆகாது என நம்புகிறேன்.

குவாங்சோவிலேயே நால்வர் ஓடத்தில் வெள்ளி வென்ற நம் அணியில் சஜி தாமஸ், ஜெனில் கிருஷ்ணன் ஆகியோரும் இருந்தனர். சஜி தாமஸ் கேரளத்தவர். 2014-இல் அர்ஜுனா விருது பெற்றவர். அடுத்த முறை வள்ளங்களி காணச் செல்லும்போது, அருகில் நிற்கும் மலையாள நண்பரிடம் அவரைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள்.